கடலோரப் பழைய ஊரில் வாடகைக் குடித்தனம்: வாசகர் கேள்வி – பதில்

பழமையான கடற்கரை ஊர்களில் வாடகைக்குக் குடியிருக்கும் வாசகர்களும், குடியேற எண்ணும் வாசகர்களும் அனுப்பிய கடிதங்களிலிருந்து ஆறு கேள்விகளை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம். வாடகைச் சட்டம் நாட்டுக்கு நாடு மாறுபடுவதால், எந்த ஊருக்கும் பொருந்தக்கூடிய செய்திகளை மட்டுமே இங்கே கூறுகிறோம். கையெழுத்திடும் முன் அவரவர் ஊரின் சட்டத்தை அறிந்தவர் ஒருவரிடம் ஒப்பந்தத்தைக் காட்டிவிடுவது நல்லது.

கேள்வி: விடுமுறைக்குச் சென்றிருந்த பழைய துறைமுக ஊர் ஒன்று எங்கள் இருவருக்கும் மிகவும் பிடித்துவிட்டது. பணி ஓய்வுக்குப் பின் அங்கேயே குடியேற விரும்புகிறோம். வாங்குவதற்கு முன் வாடகைக்கு இருந்து பார்க்கலாமா? வீடு பார்க்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்?

வாடகைக்கு இருந்து பார்ப்பதே சரி. அதுவும் முழுதாக ஓராண்டு இருந்து பாருங்கள். நீங்கள் கண்டது அந்த ஊரின் ஒரு பருவத்தை மட்டுமே. புயற்காலத்தில் அலைகள் கரைச்சுவரைத் தாண்டும் இரவுகளையும், பயணிகள் போன பின் பாதிக் கடைகள் மூடிக் கிடக்கும் மாதங்களையும், நாள்கணக்கில் துணி காயாத ஈரக் காலத்தையும் ஒரு சுற்று பார்த்த பிறகும் அந்த ஊர் பிடித்திருந்தால், அப்போது வாங்குவதைப் பற்றிப் பேசலாம்.

வீடு பார்க்க இருமுறை செல்லுங்கள்: ஒருமுறை வெயிலில், மறுமுறை மழை பெய்து ஓய்ந்த மறுநாள். உள்ளே நுழைந்ததும் பேசாமல் ஒரு நிமிடம் நின்று மோந்து பாருங்கள். பூசண நாற்றத்தை எந்த வண்ணப்பூச்சாலும் முழுவதும் மறைக்க முடியாது. சுவரின் கீழ்ப்பகுதியில் இடுப்பளவு உயரத்துக்கு மட்டும் புதிதாக வண்ணம் அடித்திருந்தால், அதன் காரணத்தை நேரடியாகவே கேளுங்கள். விரல் முட்டியால் சுவரைத் தட்டிப் பாருங்கள். வெற்றுப் பானையைத் தட்டுவது போன்ற ஒலி வந்தால், பூச்சு சுவரை விட்டுப் பிரிந்திருக்கிறது என்று பொருள். கடலைப் பார்த்த சன்னல்களின் கீல்களும் தாழ்ப்பாள்களும் எவ்வளவு துருவேறியுள்ளன என்பதைக் கண்டால், அந்த வீட்டுக்குள் உப்புக்காற்று எவ்வளவு நுழைகிறது என்பது தெரிந்துவிடும். குழாய்த் தண்ணீரை ஒரு வாய் எடுத்துக் கொப்பளித்து, உவர்க்கிறதா என்று பாருங்கள். உத்தரங்கள் சுவருக்குள் நுழையும் முனைகளே முதலில் மக்குகிற இடங்கள் என்பதால், அவற்றைச் சாவி முனையால் மெல்ல அழுத்திப் பாருங்கள். முனை உள்ளே இறங்கினால் அந்த வீடு வேண்டாம்.

இருட்டிய பிறகும் ஒருமுறை அந்தத் தெருவில் நடந்து வாருங்கள். எத்தனை வீடுகளில் விளக்கு எரிகிறது என்று எண்ணிப் பாருங்கள். விளக்கெரியாத வீடுகள் மிகுந்திருந்தால், அவை பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடப்படுபவையாக இருக்கலாம்; அப்படிப்பட்ட தெருவைப் பற்றிப் பின்னால் வரும் ஒரு கேள்வியில் காண்போம். மற்றொன்று, பழைய வீடுகளின் மாடிப்படிகள் செங்குத்தானவை. அறுபதில் ஏறும் படி எழுபத்தைந்திலும் ஏற முடிவதாக இருக்க வேண்டும்.

கேள்வி: நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். சுவரின் கீழ்ப்பகுதி பொரிந்து மாவாக உதிர்கிறது. வீட்டு உரிமையாளர் சிமென்ட் பூசி, ஈரம் புகாத வண்ணமும் அடித்துக் கொடுத்தார். ஓராண்டுக்குள் முன்னைவிட மோசமாகிவிட்டது. இப்போது சிமென்ட் பூச்சுக்கு மேலேயும் ஈரம் தெரிகிறது. நாங்கள் தண்ணீரைச் சிந்துவதாக அவர் குறை கூறுகிறார். இது யாருடைய தவறு?

உங்களுடைய தவறு அன்று. உரிமையாளரும் கெட்ட எண்ணத்தோடு செய்தவர் அல்லர். பழைய வீடுகளில் இன்று பெரும்பாலோர் செய்யும் பிழையையே அவரும் செய்திருக்கிறார். இந்தக் கேள்வி பலரிடமிருந்து வருவதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கடல் அலையையும் சுவரில் ஏறும் ஈரத்தையும் நம் மொழி 'ஓதம்' என்ற ஒரே சொல்லால் குறிக்கிறது. கடலோர வீட்டில் இந்த இரண்டு பொருளும் ஒன்றாகிவிடுகின்றன. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகளைக் காற்று தூக்கி வந்து சுவரில் படியச் செய்கிறது. நிலத்தடியிலிருந்தும் உவர்நீர் நுண்துளைகள் வழியாகச் சுவரில் ஏறுகிறது. இந்த உப்பு சுவருக்குள் சும்மா கிடப்பதில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது அது காற்றிலிருக்கும் நீரை இழுத்துத் தானே கரைகிறது. ஈரப்பதம் குறைந்ததும் மீண்டும் படிகமாகிறது. படிகம் வளரும்போது ஏற்படும் அழுத்தம், தான் இருக்கும் துளையின் சுவரையே உடைக்கிறது. ஈரமும் காய்ச்சலும் மாறி மாறி வரும் கடலோரத்தில் இச்சுழற்சி ஆண்டு முழுவதும் நடக்கிறது. நீங்கள் பெருக்கித் தள்ளும் மாவு இப்படி உடைந்த துகள்தான். மழையே பெய்யாத நாளிலும் சுவர் ஈரமாகத் தெரிவதற்கும் இதுவே காரணம். தண்ணீர் சிந்தியதால் வந்த ஈரம் அன்று என்பதை உரிமையாளருக்கு இதைக் கொண்டே விளக்கலாம்.

பழைய கொத்தர்கள் இதை அறியாமல் கட்டவில்லை. இன்று நாம் சிமென்ட் என்று அழைக்கும் போர்ட்லேண்ட் சிமென்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்றது 1824இல். அது எங்கும் பரவ மேலும் பல பத்தாண்டுகள் ஆயின. அதற்கு முந்திய கடலோர வீடுகளில் பெரும்பாலானவை சுண்ணாம்புக் காரையால் எழுந்தவை. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தைத் தடுத்து நிறுத்துவதில்லை. உள்ளே வந்த ஈரம் மெல்ல வெளியேற வழிவிடுகிறது. உப்பும் அதோடு மேற்பரப்புக்கு வந்து, கல்லுக்கும் செங்கல்லுக்கும் பதிலாகப் பூச்சை உதிர்க்கிறது. பூச்சு தேய்வதற்கென்றே பூசப்படுகிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றிவிட்டால் சுவர் பிழைத்துக்கொள்ளும். சுண்ணாம்பு வலுவற்றது என்று எண்ணுவோருக்கு ஓர் எடுத்துக்காட்டு: இங்கிலாந்துக் கரைக்கு அப்பால், அலை அடிக்கும் எடிஸ்டோன் பாறையின் மீது ஜான் ஸ்மீட்டன் நீரில் இறுகும் சுண்ணாம்பைக் கொண்டு 1759இல் ஒரு கலங்கரை விளக்கத்தைக் கட்டி முடித்தார். நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் பணி செய்த அந்தக் கோபுரம் பின்னர் ஓய்வு பெற்றதற்குக் காரணம், அதன் அடியிலிருந்த பாறையைக் கடல் அரித்தது. கோபுரத்தின் கட்டுமானம் உறுதியாகவே இருந்தது.

இத்தகைய சுவர் மீது சிமென்டைப் பூசி, அதன் மேல் ஈரம் புகாத வண்ணத்தையும் அடித்தால் உள்ளிருக்கும் ஈரத்துக்கு வெளியேற வழி அடைபடுகிறது. அது பூச்சு முடியும் இடம்வரை மேலே ஏறி, அங்கிருந்து வெளிவரும். உங்கள் சுவரில் சிமென்டுக்கு மேலே ஈரம் தெரிவது இதனால்தான். சில ஆண்டுகள் கழித்து அந்தச் சிமென்ட் பலகை போலப் பெயர்ந்து விழும். விழும்போது செங்கல்லின் முகத்தையும் சேர்த்தே பெயர்த்துக்கொண்டு விழும்.

இனிச் செய்ய வேண்டியது இதுதான். முதலில் ஈரம் வரும் வழியைப் பார்க்க வேண்டும்: கூரைநீர்க் குழாய் உடைந்திருக்கிறதா, வெளிநிலம் பிற்காலத்தில் உயர்ந்து தளமட்டத்துக்கு மேல் வந்துவிட்டதா, கழிவுநீர்க் குழாய் கசிகிறதா என்பவை. பிறகு சிமென்ட் பூச்சை, ஈரம் தெரியும் உயரத்துக்கும் சற்று மேல்வரை பொறுமையாக அகற்ற வேண்டும். சுவரில் பூத்திருக்கும் உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி அள்ளி வெளியே கொட்ட வேண்டும். ஈரத்துணியால் துடைத்தால் உப்பு கரைந்து மறுபடியும் சுவருக்குள்ளேயே போய்விடும். அதன்பின் சுவரைக் காயவிட வேண்டும். ஓர் அங்குலக் கனம் காய ஒரு மாதம் என்பது பழைய கட்டடங்களைப் பராமரிப்போர் சொல்லும் தோராயக் கணக்கு. ஒன்றரை அடிச் சுவர் ஒரு கோடையில் காய்ந்துவிடும் என்று யாரும் எதிர்பார்க்கக் கூடாது. கடைசியில் சுண்ணாம்புக் காரையைப் பூசி, சுண்ணாம்பே அடிக்க வேண்டும்.

செலவு யாருடையது என்றால், சுவரும் கூரையும் தளமும் உரிமையாளருடைய பொறுப்பு என்பதே பொதுவான நிலை. சன்னல்களைத் திறந்து காற்றோட்டம் தருவதும், ஈரம் கண்டவுடன் எழுத்தில் தெரிவிப்பதும் குடியிருப்பவரின் கடமை. நீங்கள் தெரிவித்த நாளும், எடுத்த படங்களும் உங்களிடம் இருக்கட்டும்.

கேள்வி: ஒப்பந்தத்தில் கட்டாயம் எழுதிக்கொள்ள வேண்டியவை எவை? எங்களிடம் ஒன்பது மாத ஒப்பந்தம் ஒன்றைக் கையெழுத்திடச் சொல்கிறார்கள்.

அந்த ஒன்பது மாதம் எந்த மாதத்தில் முடிகிறது என்று பாருங்கள். பயணிகள் வரும் பருவம் தொடங்கும்போது முடிகிறது என்றால், உங்களை ஆள் இல்லாத காலத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பருவத்தில் அதே வீட்டை நாள் வாடகைக்கு விடுவதே நோக்கமாக இருக்கலாம். சில மாதங்கள் தங்கி எழுதவோ படிக்கவோ வருபவருக்கு இதில் குற்றமில்லை, வாடகையும் குறையும். ஆனால் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உள்ள குடும்பம் ஆண்டுதோறும் மூட்டை கட்டும் நிலைக்கு ஒப்புக்கொள்ளக் கூடாது. பன்னிரண்டு மாதமும் குடியிருக்கும் உரிமையும், புதுப்பிக்கும் போது வாடகை எவ்வளவு உயரலாம் என்ற வரம்பும் எழுத்தில் வேண்டும்.

கடலோர வீட்டுக்கென்றே எழுதிக்கொள்ள வேண்டியது, இயல்பான தேய்மானம் எது என்பது. இரும்புக் கம்பி துருப்பிடிப்பதும், வண்ணம் உரிவதும், சுவர் பொரிவதும் உப்புக்காற்றின் வேலை. குடியிருப்பவரின் கவனக்குறைவு அன்று. இதை வெளிப்படையாக எழுதாவிட்டால், வீட்டைக் காலி செய்யும் நாளில் முன்பணத்தில் பாதி 'துரு' என்ற கணக்கில் போய்விடும். குடிபுகும் நாளில் ஒவ்வோர் அறையையும் ஒவ்வொரு கீலையும் படமெடுத்து, இரு தரப்பும் கையொப்பமிட்ட பட்டியல் ஒன்றைத் தயாரித்துக்கொள்ளுங்கள். வெளிப்புறம் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வெள்ளையடிக்கப்படும் என்பதையும், புயலில் ஓடு பறந்தால் எத்தனை நாளில் சரிசெய்யப்படும் என்பதையும், பழுதினால் குடியிருக்க முடியாத நாள்களுக்கு வாடகை உண்டா என்பதையும் அதிலேயே சேர்த்துவிடலாம். வீட்டு உரிமையாளரின் காப்பீடு பொதுவாகக் கட்டடத்தை மட்டுமே காக்கும். உங்கள் பொருள்களுக்கு நீங்களே தனியாகக் காப்பீடு எடுக்க வேண்டும். எடுக்கும்போது கடல்நீர் புகுவதால் வரும் சேதமும் அதில் அடங்குகிறதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: நாங்கள் இருப்பது பாதுகாக்கப்பட்ட பழங்கட்டடம். சுவரில் துளையிட்டுக் குளிர்சாதனம் பொருத்த உரிமையாளர் வாய்மொழியாகச் சம்மதித்துவிட்டார். அது போதுமா?

போதாது. பாதுகாக்கப்பட்ட கட்டடத்தில் உரிமையாளருடைய சம்மதம் ஒன்று, அதிகாரிகளின் அனுமதி வேறொன்று. பிரிட்டனில் 1947ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டத்தின் வழியாகக் கட்டடங்களைப் பட்டியலிடும் முறை நிலைபெற்றது; இன்று அங்கே பட்டியலிட்ட கட்டடத்தின் தன்மையைப் பாதிக்கும் வேலையை அனுமதியின்றிச் செய்வது குற்றவியல் குற்றம். அதைச் செய்தவரும் செய்வித்தவரும் பொறுப்பாவார்கள். வாடகைக்கு இருப்பவர் என்பதால் விலக்குக் கிடைக்காது. மற்ற நாடுகளிலும் இதையொத்த விதிகள் பல உண்டு. ஆகவே அனுமதியை உரிமையாளரே தம் பெயரில் வாங்கித் தர வேண்டும் என்று கேளுங்கள். அது கைக்கு வரும்வரை சுவரைத் தொடாதீர்கள்.

குளிர்சாதனம் தேவையா என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். உயரமான கூரையும் எதிரெதிர் சன்னல்களும் கனமான சுவரும் காற்றுக்காகவே அமைக்கப்பட்டவை. கூரைவரை நீளும் சன்னலில் மேல்பகுதியைத் திறந்து வைத்தால் சூடான காற்று வெளியேறும். பலர் அதை வண்ணமடித்தே ஒட்டவைத்து மூடிவிட்டு, வீடு புழுங்குகிறது என்று வருந்துகிறார்கள். படம் மாட்ட ஆணி அடிக்க நேர்ந்தால் கல்லிலோ செங்கல்லிலோ அடிக்காமல் இடையிலுள்ள சாந்து இணைப்பில் அடியுங்கள். உடைந்த சாந்தைத் திரும்ப நிரப்பலாம். உடைந்த பழைய செங்கல்லுக்கு இணை கிடைப்பது அரிது.

கேள்வி: இருபது ஆண்டாக இதே தெருவில் வாடகைக்கு இருக்கிறேன். சுற்றியுள்ள வீடுகள் ஒவ்வொன்றாகப் பயணிகள் விடுதியாகிவிட்டன. வாடகை எட்டாத உயரத்துக்குப் போகிறது. ஊரின் அழகுக்காக வருபவர்களால் ஊர்க்காரர்களே இருக்க முடியாமல் போவது எங்கும் நடப்பதுதானா?

எங்கும் நடக்கிறது, அதனால் அது ஏற்கத்தக்கதாகிவிடாது. உங்கள் கடிதத்தைப் படித்தபோது வருத்தமாக இருந்தது. வெனிஸ் நகரின் பழைய மையப் பகுதியில் 1951இல் ஏறத்தாழ 1,75,000 பேர் குடியிருந்தார்கள்; 2022இல் அந்த எண்ணிக்கை 50,000க்கும் கீழே இறங்கிவிட்டது. மலேசியாவின் ஜார்ஜ் டவுனில், போருக்கு முந்தைய கட்டடங்களின் வாடகையைக் கட்டுப்படுத்திய சட்டம் விலக்கப்பட்டு 2000இல் கட்டுப்பாடு முடிவுக்கு வந்ததும், தலைமுறைகளாகக் கடைவீடுகளில் இருந்த பல குடும்பங்களும் சிறு தொழிலாளரும் வெளியேற நேர்ந்தது. எட்டே ஆண்டுகளில், 2008இல், அந்நகர் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. எந்த வாழ்க்கையின் பொருட்டு ஓர் ஊர் போற்றப்படுகிறதோ, அந்த வாழ்க்கையை வாழ்ந்தவர்கள் அதற்குள் போய்விடுகிறார்கள்.

எதிர்த்து நின்ற ஊர்களும் உண்டு. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலுள்ள செயின்ட் ஐவ்ஸ் என்ற பழைய மீன்பிடி ஊர், புதிதாகக் கட்டப்படும் வீடுகள் ஆண்டு முழுவதும் குடியிருப்போருக்கே உரியவை என்ற விதியை 2016இல் வாக்கெடுப்புக்கு விட்டது; வாக்களித்தவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஆதரித்தார்கள். அதன் குறை, ஏற்கெனவே நிற்கும் பழைய வீடுகளை அவ்விதி தொடவில்லை என்பது. பார்சிலோனா நகரம், சுற்றுலாக் குடியிருப்புகளின் உரிமங்களை 2028க்குள் புதுப்பிக்காமல் முடித்துவிடப் போவதாக 2024இல் அறிவித்தது. என் கருத்தில் பழைய வீடுகளையும் நாள் வாடகை உரிமங்களையும் சேர்த்துக் கணக்கில் எடுக்கும் விதியே பழம்பெரும் ஊர்களுக்குப் பயன்படும். அங்கே இருப்பவை பெரும்பாலும் பழைய வீடுகளே.

உங்கள் தெருவில் உடனே செய்யக்கூடியது ஒன்றிருக்கிறது. எந்தெந்த வீடுகள் நாள் வாடகைக்கு விடப்படுகின்றன, அவற்றுக்கு உரிமம் உண்டா என்பதைக் குடியிருப்போர் சேர்ந்து பட்டியலிட்டு நகராட்சியிடம் எழுத்தில் கொடுங்கள். தனியாக ஒருவர் கொடுத்தால் அது அயலார் சச்சரவாகத் தோன்றும். பதினைந்து குடும்பங்கள் கையெழுத்திட்டால் அதை ஒதுக்க முடியாது. உங்கள் உரிமையாளரிடமும் ஒரு கணக்கைச் சொல்லலாம். பயணிகளால் வரும் கூடுதல் பணத்தில் ஆண்டில் ஆள் வராத மாதங்களையும், சலவை, பராமரிப்பு, தரகு ஆகியவற்றையும், பூட்டிக் கிடக்கும்போது வீட்டுக்கு வரும் கேட்டையும் கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நீண்டகாலக் குடித்தனக்காரர் ஒருவர், ஓடு நகர்ந்த அன்றே கவனித்துச் சொல்லுகிறார். அந்தத் தகவலுக்கு ஒரு விலை உண்டு.

கேள்வி: மகள் வீட்டுக்கு நான்கு மாதம் போக வேண்டியிருக்கிறது. கடலுக்கு மிக அருகிலுள்ள எங்கள் வாடகை வீட்டை எல்லாச் சன்னல்களையும் ஒட்டி அடைத்துப் பூட்டிவிட்டுப் போகலாமா?

ஒட்டி அடைக்காதீர்கள். அடைபட்ட வீட்டுக்குள் ஈரம் வெளியேற வழியின்றித் தங்கும். நீங்கள் திரும்பும்போது தோல் செருப்பும் புத்தக அட்டையும் பச்சைப் பூசணம் போர்த்தியிருக்கும். மழை அடிக்காத பக்கத்திலுள்ள மேல் காற்றுத்துளைகளுக்கு வலை மட்டும் பொருத்தித் திறந்தே விடுங்கள். உள்ளறைக் கதவுகளையும் அலமாரிக் கதவுகளையும் திறந்து வையுங்கள். மரப்பெட்டிகளையும் கட்டிலையும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்துங்கள். துணிகளைத் துவைத்து, நன்றாக உலர்த்திய பிறகே மடித்து வையுங்கள். கடற்காற்றில் தொங்கிய துணியில் உப்பு இருக்கும், அது பெட்டிக்குள்ளும் ஈரத்தை இழுக்கும்.

கீல்களுக்கும் பூட்டுகளுக்கும் எண்ணெய் இடுங்கள். எவர்சில்வர் துருப்பிடிக்காது என்று நம்பி வெளியில் விட்டுப் போகாதீர்கள். சாதாரண எவர்சில்வரும் கடலோரத்தில் பழுப்புப் புள்ளி கொள்ளும், மாலிப்டினம் கலந்த கடல்சார் வகைதான் ஓரளவு தாங்கும். குளிர்சாதனத்தின் வெளிப்பெட்டியையும் மிதிவண்டியையும் நல்ல தண்ணீரால் கழுவி உலர்த்துங்கள். மிதிவண்டியை வீட்டுக்குள் வையுங்கள். தண்ணீர்க் குழாயை முதன்மை அடைப்பில் மூடி, குளிர்பதனப் பெட்டி போன்றவற்றின் மின்இணைப்பை எடுத்துவிடுங்கள்.

நீங்கள் செல்லும் செய்தியையும் திரும்பும் நாளையும் உரிமையாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். நீண்ட நாள் ஆளில்லாத வீட்டுக்குச் சில காப்பீடுகள் பொருந்தாமல் போவதால், இதைச் சொல்லாமல் விட்டால் பின்னர் உங்கள் மீது பழி வரக்கூடும். ஒரு சாவியை நம்பிக்கையான அண்டைவீட்டாரிடம் கொடுத்து, வாரம் ஒருமுறை காய்ந்த நாளாகப் பார்த்து, முற்பகலில் இரண்டு மணி நேரம் எல்லாச் சன்னல்களையும் திறந்து வைக்கச் சொல்லுங்கள். பெரும் புயலோ கடலேற்றமோ வந்து தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டால், மின்சாரத்தை மின்பணியாளர் சோதிக்கும்வரை அவர் எதையும் போட வேண்டாம். சுவரும் தளமும் காயும் முன்பே நல்ல தண்ணீரால் கழுவச் சொல்லுங்கள், காய்ந்துவிட்டால் கடலின் உப்பு அங்கேயே தங்கிவிடும். இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி, சாவியோடு சேர்த்தே அவரிடம் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.